சூசியின் குளம்புகளுக்கு ஐஸ்

விசுவமடுவை நெருங்கும்போது பஸ் ஒருமுறை இருமியது. பிறகு வீதியோரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. முன்மூடியின் கீழிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது. சாரதி இறங்கித் திறந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். பயணிகள் தாங்கள் குடிக்க வைத்திருந்த போத்தல்களை யன்னல் வழியே ஒவ்வொன்றாக நீட்டினர். நான் நெடுங்காலமாக வாழும் மெல்பேணில் இவ்வாறு ஒரு பஸ் நின்றிருந்தால், முறைப்பாடு எழுதும் விரல்களே முதலில் அசைந்திருக்கும். இங்கே ஒருவர் தமது சோடாவையும் நீட்டினார்.

"அது வேண்டாமண்ணை. எஞ்சினுக்கு வாய்வு பிடிச்சிடும்" என்றார் நடத்துநர்.

நான் தண்ணீரூற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி பவானி பிறந்து வளர்ந்த ஊர் அது. அவள் மறைந்து ஓராண்டு நிறைவதால், ஆட்டத்திவசத்தை அங்கே அவளுடைய தம்பி கனகசபையின் வீட்டிற் செய்வதென்று முடிவாகியிருந்தது. கிளிநொச்சிப் புகையிரத நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துச் சென்றவனும் கனகுதான். அவன் பக்கத்து ஆசனத்திலிருந்து வெளியே எட்டிப் பார்த்து, "அத்தான், அங்கை பாருங்கோ, உங்கட ஆள் ஒருத்தர் நிக்கிறார்" என்றான்.

தகரக் கொட்டிலொன்றின் நிழலில் ஒரு குதிரை நின்றது. வன்னியிற் குதிரை காண்பது அபூர்வம். ஆனால் என் பார்வை அதன் நிலையிலேயே நிலைத்தது. முன்கால்கள் இரண்டையும் வெகுவாக முன்னே நீட்டி, உடற்பாரம் முழுவதையும் பின்கால்களிற் சுமத்தி, பின்னால் இல்லாத கதிரையொன்றில் அமர முயல்வதுபோல அது நின்றது. என் தொழிலில் இருந்தவர்கள் அந்த நிலையை ஓடும் வாகனத்திலிருந்தும் அடையாளம் காண்பார்கள்.

பவானி அருகில் இருந்திருந்தால், "போய்ப் பாத்திட்டு வாங்கோ, அல்லாட்டி வீடு போய்ச் சேருமட்டும் அதையே சொல்லிக்கொண்டு வருவியள்" என்றிருப்பாள். நான் எழுந்தேன்.

"அத்தான், பஸ் வெளிக்கிட்டால்?"

"வேற பஸ் வரும்தானே."

"காலமை ஒண்டைத் தவறவிட்டு ஏறினனாங்கள். இதுதான் அந்த வேற பஸ்."

கொட்டிலின் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர், சூடாக்கிய தவிட்டைத் துணியிற் பொதிந்து குதிரையின் குளம்பில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் லெட்சுமி. மலையகத்திலிருந்து சிறுவயதிற் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சில் மலை இன்னும் இருந்தது.

"முள்ளு ஏறியிருக்குன்னு சொல்றாங்க. நீங்க யாருங்க?"

"இவர் வெளிநாட்டில குதிரை டொக்டர், அக்கா" என்றான் கனகு.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஊசி போட டொக்டரம்மா வாறாங்க. இன்னைக்குக் குதிரை டொக்டர் வந்து நிக்கிறீங்க. யாருங்க அனுப்புனா?"

"பஸ்தான்" என்றான் கனகு.

என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை. எழுந்து நடக்க இயலாத விலங்கின் உயிரை அமைதியாக முடித்துவைக்கும் ஊசி அது. லெட்சுமியின் கணவரும் மகனும் தொழிலுக்காகக் கொழும்பிலிருந்தனர். முடிவை அவர் தனியாகவே எடுத்திருந்தார்.

நான் மண்ணில் முழங்காலிட்டேன். குளம்புகள் சுட்டன. குளம்புக்கு மேலே உள்ள நாடி விரலை உதைத்தது. பிடரியின் மேட்டிற் கொழுப்பு திரண்டு இறுகியிருந்தது. முள் எங்கும் இருக்கவில்லை.

"என்ன தீன் போடுறனீங்கள்?"

"பட்டினி போட்டேன்னு மட்டும் நினைக்காதீங்க. என்னைவிட நல்லாச் சாப்பிட்டவ."

உண்மைதான். சூசி நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளைச் சுமந்து திரிந்த சிறிய குதிரை. பெயர் அங்கேயே வைக்கப்பட்டது. லெட்சுமியின் குடும்பம் அவளை இங்கே கொண்டுவந்து திருமணங்களுக்கும் கோயில் ஊர்வலங்களுக்கும் அனுப்பிற்று. புதுக்குடியிருப்பு வரையிலும் சூசியை அறியாதவர் இல்லை. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அவள் வரும் வழியில், ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடத்தின் பக்கத்தில் ஒரு தட்டுச் சர்க்கரைப் புக்கை, அதாவது இனிப்புப் பொங்கல், வைப்பது சில காலத்தில் வழக்கமாகிவிட்டது. சூசி வாய் வைத்த வீட்டில் அடுத்த கலியாணம் தடையில்லாமல் நடக்கும் என்பது நம்பிக்கை. அறுவடை முடிந்த தை, மாசியில் புத்தரிசியும் சர்க்கரையும் வாழைப்பழமுமாக அவள் ஒரு வீதியைக் கடப்பதற்குள் ஒரு விருந்தே முடிந்துவிடும். காலிலே நோவு தொடங்கிய பின்னர், பெலன் வரட்டும் என்று அயலவர்கள் இன்னும் கூடுதலாகக் கொண்டுவந்து ஊட்டியிருந்தார்கள்.

இதனைச் சற்று விளக்க வேண்டும். குதிரையின் பாரம் முழுவதும் எலும்பிலிருந்து குளம்பின் சுவருக்கு மெல்லிய இதழ்கள் போன்ற இழைகளாற் கடத்தப்படுகிறது. அவை அழற்சியுற்றுத் தளர்ந்தால், எலும்பு குளம்பினுள்ளே சரியத் தொடங்கும். ஆங்கில மருத்துவம் இதனை லமினைற்றிஸ் என்கிறது. நான் படித்த காலத்தில் இரத்தவோட்டத்தையும் குடலில் உண்டாகும் நச்சையுமே காரணமாகச் சொன்னோம். அண்மைய ஆய்வுகள் எங்கள் விரலை வேறிடத்துக்குத் திருப்பின. பெரும்பாலான குதிரைகளில் காரணம் இன்சுலின். சர்க்கரையும் மாச்சத்தும் மிகும்போது சில குதிரைகளின் குருதியில் இன்சுலின் அளவு கடந்து உயர்கிறது. உயர்ந்தே நின்றால் அதுவே அந்த இதழ்களைத் தளர்த்துகிறது. வீதி முழுவதும் ஊட்டிய புக்கை சூசியின் குளம்புகளில் வந்து நின்றிருந்தது.

"ஊசியை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கோ" என்றேன்.

லெட்சுமி ஒத்தடத் துணியைக் கீழே வைத்தார். "வேதனையில நிக்கிறா, ஐயா. ராப்பகலா அழுற மாதிரி மூச்சு விடுறா. சும்மா நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

அந்தக் கேள்வியை முந்திய ஆண்டில், வேறொரு மொழியில், ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் கேட்டிருந்தேன். எனக்குக் கிடைத்த பதிலில் செய்வதற்கென்று எதுவும் இருக்கவில்லை. இங்கே இருந்தது.

"சும்மா நிக்கவேண்டாம். வேலை இருக்கு. முதல் வேலை, அந்தச் சூட்டை நிப்பாட்டுங்கோ" என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது பஸ் போயிருந்தது. என் பெட்டியும் அதனுடன் போயிருந்தது. திவசத்துக்கென்று கொண்டுவந்த வேட்டி அதற்குள் இருந்தது. கனகு நடத்துநரின் இலக்கத்தை யாரோ ஒருவரிடம் பெற்று அழைத்தான். "பெட்டி பத்திரம். முல்லைத்தீவிலை தேத்தண்ணிக் கடையிலை இருக்கும். நீங்கள்தான் ஆறுதலா வாறியள்" என்று மறுமுனை சொன்னது. அவ்வாறே இருந்தது. பெட்டியின் மேல் ஒரு தட்டு வடை வைக்கப்பட்டிருந்ததைத் தவிர வேறு குறையில்லை.

மறுநாட் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, கனகுவின் மோட்டார் சைக்கிளில் மறுபடியும் விசுவமடுவுக்குச் சென்றோம். அரசாங்க மிருக வைத்தியர் தர்ஷினி எங்களுக்கு முன்னரே வந்திருந்தார். மாடும் ஆடும் பார்ப்பவர். குதிரை என்று அவர் பார்த்தது இந்த ஒன்றைத்தான். ஊசிப்பெட்டி திறக்கப்படாமல் அவருடைய காலடியில் இருந்தது.

"சேர், நீங்கள் வந்திருக்கிறியள் எண்டு அக்கா சொன்னவா. எனக்கும் இதைச் செய்ய மனமில்லை. ஆனா இவ்வளவு நோவிலை வைச்சிருக்கவும் ஏலாது."

நான் இந்த நாட்டிற் பதிவுபெற்ற வைத்தியன் அல்லேன் என்பதை முதலிற் சொன்னேன். வைத்தியம் அவருடையது; என்னால் இயன்றது கதை மட்டும். அவர் சிரித்தார். பிறகு நாங்கள் இருவரும் கொட்டிலின் ஓரத்தில் அமர்ந்து கதைத்தோம். பவானிக்குப் பிறகு தொழிலைப்பற்றி நான் இவ்வளவு நேரம் எவருடனும் கதைத்ததில்லை.

மாட்டுக்கு நோவு தணியப் போடும் ஊசி அவரிடம் இருந்தது. குதிரைக்கும் அது பொருந்தும். தீனில் தவிடும் புக்கையும் அன்றே நின்றன. வைக்கோலைத் தண்ணீரில் ஊறவைத்து, நீரை இறுத்துக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். சர்க்கரை நீரோடு போய்விடும். குளம்புகளுக்கு ஐஸ் வைப்பதுபற்றி நான் தயங்கினேன். குடல் நஞ்சினால் வரும் நோய்க்கே குளிரூட்டல் பயன்படும் என்பதுடன் என் படிப்பு நின்றிருந்தது.

"இல்லை சேர்" என்று அவர் கைபேசியை நீட்டினார். "இன்சுலினாலை வாறதுக்கும் இப்ப செய்து பாத்திருக்கினம். தொடக்கத்திலை குளிர வைச்சால் இதழுக்கு வாற சேதம் குறையுதாம்."

நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அந்தக் கட்டுரையை வாசித்தேன். ஓய்வு பெற்றபின் தபாலில் வந்துகொண்டிருந்த சஞ்சிகைகளை நான் பிரிப்பதை நிறுத்தியிருந்தேன். ஆய்வு என்னோடு நின்றுவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

"அப்ப ஐஸ் வேணும். நாள் முழுக்க, உருக உருக" என்றேன்.

கனகு எழுந்தான். "முல்லைத்தீவிலை இல்லாததெண்டால் வேற. ஐஸுக்கோ பஞ்சம்?"

அன்று பின்னேரம் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றச் செல்லும் கூலர் வாகனமொன்று கொட்டிலின் முன்னால் நின்றது. சாரதி தெற்கைச் சேர்ந்தவர். அவர் சிங்களத்திற் கேட்டதன் பொருள் இது: "வீட்டுக்குள்ளே இவ்வளவு பெரிய மீனா?" கனகு தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நாலு கால் மீன் என்று பதில் சொன்னான். சாரதி இறங்கிவந்து சூசியைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, ஐஸ் நிரம்பிய, வெள்ளை நுரைப் பலகையாலான ரெஜிபோம் பெட்டிகளைத் தாமே தூக்கி இறக்கினார். தம் தந்தையாருக்கும் காலில் வருத்தம் என்றார்.

உரப்பைகளை இரண்டாக வெட்டி, சூசியின் முன்கால்களை அவற்றுள் வைத்து, ஐஸ் நிரப்பி முழங்காலுக்குக் கீழே தளர்வாகக் கட்டினோம். உருகியபோதெல்லாம் மறுபடியும் நிரப்பினோம். காலியான பெட்டிகளின் மூடிகளைக் குளம்பின் அளவுக்கு வெட்டி, அடியில் வைத்துப் பட்டையாற் சுற்றினோம். பாரம் ஏற ஏற அது நசுங்கிக் குளம்பின் அடிப்பகுதிக்கு ஏற்றவாறு அமைந்துகொள்ளும். என் ஊரில் இதற்கென்றே விற்கும் பொருள் பளபளப்பான உறையில் வரும். இது மீன் மணத்துடன் வந்தது. வேலை ஒன்றே. அயலவர் ஒருவர் உழவு இயந்திரத்தில் மணல் கொண்டுவந்து கொட்டிலில் தடிப்பாகப் பரப்பினார்.

எஞ்சியிருந்தது இன்சுலின். நீரிழிவுக்காரர் உட்கொள்ளும் ஒருவகை மாத்திரை உண்டு. குருதியிலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. மனிதருக்காக உருவாக்கப்பட்ட அதனை, குதிரைகளின் இன்சுலினைத் தாழ்த்துவதற்குக் கடந்த சில ஆண்டுகளாக வைத்தியர்கள் கவனத்துடன் கொடுத்து வருகிறார்கள். ஆய்வு இன்னும் முடிவுக்கு வரவில்லை. குருதியிற் கொழுப்பு உயரக்கூடும். தீனை வெறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வியப்பு யாதெனில், ஒரு மனிதனுக்குரிய அளவே ஒரு சிறிய குதிரைக்கும் போதுமானது. மருந்துக்கடையிற் கேட்டபோது, வவுனியாவிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

கனகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைத் தகட்டை மெதுவாக எடுத்தான். "அத்தான், இதுவோ?"

அதுவேதான்.

"நான் காலமை போடுற குளிசை. இதைக் குதிரைக்குக் குடுக்கப் போறியளோ?"

"உனக்குக் குறையாமல் இருந்தால்தான்."

"வீட்டிலை இன்னும் கிடக்கு. ஆனா ஒண்டு. அக்கான்ரை திவசத்திலை நான் பாயாசம் குடிச்சால் நீங்களும் என்ரை மனிசியும் பேசக் கூடாது. ஏனெண்டால் என்ரை குளிசை குதிரையிலை ஓடுது."

"அப்படியெண்டால் பாயாசத்தைக் கண்ணாலும் பாக்கேலாது" என்றார் தர்ஷினி, ஊசிப்பெட்டியை மூடியபடி. லெட்சுமி முதன்முறையாகச் சிரித்தார்.

விடைபெறும்போது தர்ஷினி தனியே கேட்டார். "சேர், எதைக் கண்டால் நம்பலாம்?"

"நல்ல சுகத்தோடை நிக்கிற குதிரை ஒரு பின்காலை மடிச்சு, நுனிக்குளம்பை மட்டும் நிலத்திலை ஊண்டி இளைப்பாறும். முன்கால் நோகும் குதிரைக்கு அது ஏலாது. பாரம் முழுக்கப் பின்னுக்கெல்லோ. அவள் பின்காலை மடிக்கிற நாள், முன்கால் தாங்குது எண்டு அர்த்தம்."

அடுத்தடுத்த நாட்களில் நாங்கள் அதற்காகக் காத்திருந்தோம். காலையில் மோட்டார் சைக்கிள், வழியில் தேத்தண்ணிக் கடையிற் பிளேன்ரீயும் றோல்ஸும், பிறகு ஐஸ். ஒருநாள் சங்கிலி கழன்று கனகுவும் நானும் வாகனத்தைத் தள்ளிக்கொண்டு சென்றோம். ஒருநாள் மழை பெய்தது; ஐஸ் மெதுவாக உருகியதென்று லெட்சுமி அதனையும் நல்ல சகுனமாகக் கொண்டார். நாடியின் உதை தணிந்தது. குளம்பின் சூடு ஆறியது. சூசி ஊறிய வைக்கோலைக் குறைப்பட்டுக்கொண்டே தின்றாள். ஆனால் முன்கால்கள் இன்னும் முன்னே நீண்டபடிதான் இருந்தன.

இடையில் திவசம் வந்தது. ஐயர் சொன்னவற்றைச் சொல்லி, எள்ளும் நீரும் இறைத்தேன். என் விரல்களின் வழியே நீர் சரியாக வடியவில்லை. கனகு பக்கத்திலிருந்து என் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தான். பவானியின் படத்துக்கு முன்னால் வைத்த இலையில் அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது. பாயாசம் பரிமாறப்பட்டபோது கனகு கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். அவனுடைய மனைவி திகைத்துப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் கொட்டிலில் ஒரு சிக்கல் காத்திருந்தது. சித்திரையில் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த பெண்மணி ஒருவர், நல்லாடை உடுத்து, மூடிய தட்டிற் சர்க்கரைப் புக்கையுடன் வந்து நின்றார். வருத்தத்திலிருந்து எழும்பும் சூசிக்கு முதல் வாய் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. லெட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"குடுத்தீங்கன்னா ஊசி போட்ட மாதிரித்தான், அக்கா."

"ஒரு வாய்தானே, பிள்ளை."

"எல்லாரும் ஒரு வாய்தான் குடுத்தீங்க."

வந்தவரின் முகம் சுருங்கியது. "கலியாணத்தை வைச்சுக்கொண்டு வெறுமனே திரும்பிப் போறதே?" என்றார். அவர் கண்கள் கலங்கின. சூசியின் வாயைக் கட்டலாம் என்று முன்னர் நான் சொன்னபோது, வாய் கட்டிய குதிரையை எவர் கலியாணத்துக்கு அழைப்பார் என்று லெட்சுமி கேட்டிருந்தார். இப்போது அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஐஸ் உருகிய தண்ணீர் நிரம்பிய வாளியும் செம்பும் அருகில் இருந்தன. செம்பை மொண்டு அந்தப் பெண்மணியிடம் நீட்டினார்.

"கால்ல ஊத்துங்க. அதுதான் அவளுக்கு இப்ப வேணும்."

பெண்மணி தயங்கினார். கனகு குறுக்கிட்டான். "மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் பொம்பிளையின்ரை தம்பி தோழனா நிண்டு கால் கழுவித்தானே உள்ளுக்கு விடுறது? மாப்பிள்ளையைக் கொண்டுவாறவளுக்கும் கழுவினால் என்ன?"

"அது சரிதான்" என்று அவர் மெல்லச் சொல்லி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் செம்பை ஏந்தி ஊற்றினார். சூசி காலை இழுக்கவில்லை. பெண்மணி தன் ஈரக் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். புக்கையை நாங்கள் பகிர்ந்துண்டோம், கனகு தவிர.

"தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேணும். இவள் ஆருக்குப் போடுவாள்?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். பவானியை நான் மணந்த அன்று அவர்கள் வீட்டு வாசலில் என் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றியவன் அவன்தான். அரைக்காற்சட்டை வயதிலிருந்தான். அந்த மோதிரம் இப்போது அவனுடைய சின்னவிரலுக்கும் ஏறாது.

செய்தி பரவுவதற்கு வன்னியில் வேறு வசதி தேவையில்லை. அன்றிலிருந்து அயலவர்கள் செம்புடன் வந்தார்கள். சிலர் மஞ்சள் கலந்து கொண்டுவந்தார்கள். ஒருவர் பன்னீர் தெளித்தார். குளிர்ந்த தண்ணீராக மட்டும் இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். இனி ஊர்வலங்களிலும் வாசல்தோறும் அப்படித்தான் என்று லெட்சுமி சொல்லத் தொடங்கினார். அந்த நாள் வருமா என்பது எவருக்கும் உறுதியில்லாமல் இருந்தது.

நான் புறப்படுவதற்கு முதல்நாட் பின்னேரம் விடைபெறச் சென்றோம். தர்ஷினியும் வந்திருந்தார். சூசியின் முன்கால்கள் ஏறத்தாழ உடலுக்கு நேர்கீழே வந்திருந்தன. அவள் இன்னும் நெடுநாள் நடக்கக் கூடாது, ஊர்வலம் இந்த ஆண்டு இல்லை என்பவற்றை லெட்சுமியிடம் திரும்பவும் சொன்னேன். "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் செம்பை என் கையில் திணித்தார்.

"எல்லாரும் ஊத்திட்டாங்க. நீங்க மட்டுந்தான் ஊத்தல்ல."

நான் குனிந்து ஊற்றினேன். தண்ணீர் குளம்பின் மேல் விளிம்பைச் சுற்றி ஓடி மணலுக்குள் இறங்கியது. இம்முறை என் மணிக்கட்டை எவரும் தாங்கவில்லை. இரண்டாவது காலுக்கும் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது லெட்சுமி பதறிப்போய்ச் சத்தமிட்டார்.

"ஐயோ, ஐயா! பின்காலையும் தூக்கிட்டா! அதுவும் போச்சா?"

சூசியின் இடது பின்கால் மடிந்திருந்தது. நுனிக்குளம்பு மட்டும் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுப்பு ஒருபக்கமாகச் சரிந்து, கீழுதடு தொங்கி, கண்கள் பாதி மூடியிருந்தன. முன்கால்கள் இரண்டும் நேராக நின்று அவளைத் தாங்கின.

தர்ஷினி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவரே சொன்னார்: "இல்லை அக்கா. இளைப்பாறுறாள்."

லெட்சுமி நம்பாமல் மறுபடியும் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், ஒரு கதிரையைத் தூக்கிவந்து சூசியின் பக்கத்தில் மணலில் வைத்தார்.

"நீங்களும் இருங்கய்யா. வந்த நாள்ல இருந்து நின்னுகிட்டேதான் இருக்கீங்க."

நான் இருந்தேன்.